கல்லுக்குப் பத்து வரி

ஐந்து கிழமையாக, வாரம் தவறாமல், நிரஞ்சலா ஒரு கல்லைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா விஜயலெட்சுமிக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

கல்லைப் பார்த்து எழுத என்ன இருக்கிறது? நமுனுகுல மலையடியில் கிடக்கும் அந்தத் தோட்டத்தில் தேயிலையைவிடக் கல்தான் அதிகம். கொழுந்து எடுக்கும்போது காலில் இடிப்பது கல். மழைக்கு உருண்டு வந்து பதுளை பஸ்ஸை மறிப்பதும் கல். அதைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லி ஒரு டீச்சர் வேலை கொடுக்கிறாள் என்றால், அதில் பாடத்தைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று விஜயலெட்சுமி முடிவு கட்டிவிட்டாள்.

டீச்சரின் பெயர் சுலோஜனா. யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிப் பக்கம். தை மாதம்தான் முதல் நியமனம் கிடைத்து வந்தவள். பதுளையில் அறை எடுத்துத் தங்கி, காலையில் பஸ் ஏறி வந்து போகிறாள். விஞ்ஞானத்துக்கு ஆளில்லாமல் மூன்று வருடம் கிடந்த தோட்டப் பள்ளிக்கூடம் அது. பத்தாம் வகுப்பையும் பதினோராம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துத்தான் அவள் படிப்பிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் கரும்பலகையில் இருப்பதைப் பிசகில்லாமல் கொப்பியில் இறக்கினார்கள். இறக்கியது என்ன என்று கேட்டால் முழித்தார்கள். ‘உருமாறிய பாறை’ என்று அழகாக எழுதி வைத்திருந்த ஒருவனிடம், அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு, “நாப்பத்திரெண்டாம் பக்கம் டீச்சர்” என்றானாம். அதற்குப் பிறகுதான் இந்தக் கல் வேலையைத் தொடங்கினாள்.

சட்டங்கள் போட்டிருந்தாள். புத்தகத்தில் உள்ளதை எழுதக்கூடாது. கல் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், யாரும் தூக்கிப்போக முடியாததாக இருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை அதைப் பார்த்து, தொட்டு, அளந்து, கொப்பியில் குறிக்க வேண்டும். கடைசியில் ஒரு காகித மட்டையில் பத்து வரி. மட்டையில் பெயர் போடக்கூடாது.

“பேர் ஏன் போடக்கூடாது?” என்று விஜயலெட்சுமி கேட்டாள். புதன்கிழமை பின்னேரம். நிரஞ்சலா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

“வெள்ளிக்கெழம எல்லா மட்டையையும் கலக்கிப் போட்டு ஆளுக்கொண்ணு குடுப்பாங்கம்மா. யாருக்கு யாரோடது வரும்னு தெரியாது. அத வாசிச்சிட்டு அந்தக் கல்லு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுப் போவணும்.”

“எங்க போவணும்?”

“கல்லுக்கிட்டதான். எழுதுனது சரியா இருந்தா, யாரு வாசிச்சாலும் நேரா வந்து நிப்பாங்க. அதுக்குத்தான் மார்க்கு.”

விஜயலெட்சுமி கையைக் கழுவாமல் அப்படியே நின்றாள்.

“நீ எந்தக் கல்லடி எழுதுன?”

“நம்ம பின்னால உள்ளதத்தான். வேற எங்க போறது, மழைக்குள்ள?”

“மட்டை எங்க?”

“இன்னைக்குக் குடுத்தாச்சு.”

ரொட்டி கருகியது. அதை யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் இருந்த லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக, குடும்பத்துக்கு ஓர் அறை என்று பன்னிரண்டு காம்பரா. விஜயலெட்சுமியுடையது ஆறாவது. பின்னால் கொஞ்சம் இடம், அதற்குப் பின்னால் மண்மேடு, மேட்டின் தலையில் கரும்பாறை. பாறை லயத்தின் நீளத்துக்கும் முதுகெலும்பு மாதிரி ஓடியது. போன வருடம் அவள் அந்த மேட்டை இரண்டு முழம் வெட்டி, தகரம் போட்டு, ஒரு சின்ன அடுப்படி இறக்கினாள். தோட்டத்தில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது. எல்லாரும் கேட்காமல்தான் வெட்டினார்கள். வெட்டிய அந்த மழைக்கே பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு வெடிப்பு விழுந்தது. ஒரு விரல் போகும். நாம் வெட்டினோம், அதனால் வந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. களிமண்ணைக் குழைத்து அடைத்து, மேலே விறகை அடுக்கினாள். இரண்டு பக்கமும் ஏற்கனவே தகரவேலி இருந்தது. அதையும் ஒரு முழம் உயர்த்தினாள்.

ஏன் மறைத்தாள் என்று தெரிய வேண்டுமானால் அதே தோட்டத்து மேல் டிவிசன்காரர்களைப் பார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் அவர்கள் லயத்தில் சுவர் வெடித்தது. ஒழுங்காகப் போய்ச் சொன்னார்கள். ஆட்கள் வந்தார்கள், அளந்தார்கள், சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தார்கள். இருபத்திரண்டு குடும்பம் பழைய கொழுந்து மடுவத்துக்குப் போனது. கொழுந்து நிறுக்கிற இடம், நாலு பக்கமும் திறந்த கொட்டகை. ஒரு மாதம் என்று சொன்னார்கள். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறார்கள். நடுவில் சாக்குத்தான் சுவர். போன மாதம் அங்கே ஒரு பிள்ளை சமைந்தது, அதற்கும் அதே சாக்குதான் மறைப்பு. விஜயலெட்சுமியின் புருசன் கொழும்பில் ஒரு கடையில் சாமான் இறக்குகிறான். பதினாறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக மடுவத்துக்குப் போக அவளால் முடியாது. வெடிப்பு வெளியே தெரிந்தால் மடுவம், தெரியாவிட்டால் வீடு. அவளுக்குக் கணக்கு அவ்வளவுதான்.

இப்போது அந்த வெடிப்புக்கு வழி சொல்லி மகள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். யார் வாசித்தாலும் நேரே வந்து நிற்பார்களாம்.

மறுநாள் மலையில் ஏழாம் காம்பரா இராக்கம்மா பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தாள். அவள் மகன் சுரேஸும் அதே வகுப்புத்தான்.

“லெச்சுமி, அந்த டீச்சரு ஒனக்கு எப்படித் தெரியுது?” என்றாள் இராக்கம்மா.

“ஏங்க்கா?”

“மாணிக்கக்கல்லு தேடுற கூட்டமாம்ல. யாவாரிங்க அனுப்பி வச்சிருக்காங்களாம். எங்கெங்க என்ன கல்லு கெடக்குன்னு புள்ளைங்கள வச்சே எழுதி வாங்கிட்டா, பெறகு மெசினக் கொண்டாந்து தோண்ட வேண்டியதுதான.”

“நம்ம பின்னால மாணிக்கம் கெடந்தா நம்ம ஏங்க்கா இந்தக் கூடையத் தூக்கிக்கிட்டு நிக்கிறோம்?”

“ஒன் பின்னால கெடக்கோ என்னமோ. வேலிய அவ்ளோ ஒசரத்துக்கு அடிச்சிருக்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. விஜயலெட்சுமி அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டாள்.

“ஒங்க வேலியும் தாழக் கெடக்கலியேக்கா” என்றாள்.

“கோழி வருதுடி. ஏம் பூசணியக் கொத்துது.”

இராக்கம்மா அடுத்த செடிக்கு நகர்ந்தாள். இவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று விஜயலெட்சுமி நினைத்தாள். தெரிந்தால் சொல்லிவிடுவாள். தன் காம்பராவைக் காப்பாற்றிக்கொள்ள ஆறாம் காம்பராவைக் காட்டிக் கொடுப்பாள். அரைப்பேர்தான் விழும், அரைநாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று பகல் நிறுவைக்குக் கொழுந்தைக் கொட்டிவிட்டு, படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

சுலோஜனா டீச்சர் பிள்ளைகள் இல்லாத வகுப்பறையில் மேசையில் இருந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். நினைத்ததைவிடச் சின்னப் பெண். மேசையோரத்தில் கற்கள் வரிசையாக இருந்தன. வெள்ளை, சாம்பல், மினுங்குவது, உக்கிப்போனது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுத்தாள். எதற்குப் பெயர் ஒட்டி வைத்திருக்கிறாள் என்று விஜயலெட்சுமி மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

“வாங்கோம்மா, இருங்கோ. நீங்கள் ஆற்ற அம்மா?”

“நிரஞ்சலா அம்மாங்க. அந்த மட்டை வேணுங்க. புள்ள பெழையா எழுதிடுச்சாம். திருத்தணுமாம்.”

“பிழை இருந்தால் பரவாயில்லை. நாளைக்கு மற்றப் பிள்ளை வாசிக்கேக்க பிழை தன்பாட்டில தெரியும்.”

“இல்லைங்க. எனக்கு இப்பவே வேணுங்க.”

டீச்சர் பேனையை மூடினாள். பிறகு லாச்சியை இழுத்து ரப்பர் பட்டி போட்ட கட்டொன்றை எடுத்து வைத்தாள்.

“முப்பத்தொண்டு இருக்கு. நான் இன்னும் ஒண்டும் வாசிக்கேல்ல. பேரும் இல்லை. உங்கட பிள்ளையின்ரயை நீங்கள் எடுங்கோ. எனக்கு இப்ப எட்டாம் வகுப்புக்குப் பாடம்.”

வாசிக்கவில்லையாம். விஜயலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. இதுவும் ஒரு தந்திரம்தான். எந்த மட்டையை எடுக்கிறாள் என்று பார்த்தால் எந்த வீட்டில் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். ‘சரிங்க’ என்று சொல்லி, கட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வரிசை வாங்கில் சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தாள்.

எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் முதலாம் வகுப்பில் ஒரே டீச்சர்தான் கை பிடித்து எழுதப் பழக்கியிருந்தாள். முப்பத்தொன்றும் ஒரே உருண்டை எழுத்து. வாசித்துத்தான் ஆகவேண்டும். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்ட் வாசிப்பாள், மருந்துத் துண்டு வாசிப்பாள், போனில் புருசன் அனுப்புவதை வாசிப்பாள். பத்து வரியைச் சேர்த்து வாசித்து வருடக்கணக்காகிறது. விரலை வைத்து, உதட்டை அசைத்து, எழுத்து எழுத்தாகப் போனாள்.

‘என் கல் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் உள்ளது. அதன் மேல் உடுப்புத் துவைப்பார்கள். மினுங்கும் தகடுகள் உண்டு. என் மாமா காக்காப்பொன் என்பார். டீச்சர் மைக்கா என்பார். இரண்டும் ஒன்றே.’

அடுத்தது.

‘என் கல் அசிங்கமானது. நீளம் ஏழு சாண். நாய்கள் காலைத் தூக்குவதற்கு இதையே விரும்புகின்றன. ஏன் என்று எனக்குத் தெரியாது.’

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இதெல்லாமா மாணிக்க வியாபாரிக்கு? ஏழெட்டு மட்டை போனது. அதற்குப் பிறகு வந்தது.

‘எங்கள் காம்பராவின் பின்னால் மண்மேட்டின் மேலே கரும்பாறை உள்ளது. பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி உண்டு.’

கிடைத்துவிட்டது என்று மட்டையை மடித்து ரவிக்கைக்குள் செருகப் போனவள், கீழ் வரியைப் பார்த்துவிட்டாள்.

‘முதல் கிழமை ஒரு விரல். ஐந்தாம் கிழமை இரண்டரை விரல். அப்பா அதன் மேல் கோழிக்கூடு வைத்துள்ளார். கோழிகள் இப்போது கூட்டுக்குள் போக மறுக்கின்றன.’

அவள் வீட்டில் கோழி இல்லை.

திரும்ப வாசித்தாள். கோழிக்கூடு. லயத்தில் கோழிக்கூடு வைத்திருப்பது நாலாம் காம்பரா. அவர்களுக்கும் இருக்கிறதா? மட்டையை வாங்கில் வைத்துவிட்டு மற்றவற்றை அவசரமாகப் புரட்டினாள். இப்போது தேடியது தன்னுடையதை இல்லை.

‘பாறையின் அருகே உள்ள பிளவை அம்மா சீமெந்துச் சாக்கால் மூடி, மேலே பூசணி படர விட்டுள்ளார். மூன்று விரல். யாரிடமும் சொல்லாதே என்றார். ஆகவே நான் சொல்லவில்லை, எழுதுகிறேன்.’

இராக்கம்மா. ஏழு.

‘கக்கூஸ் குழி வெட்டியதால் வந்தது என்று அப்பா கூறுகிறார். ஆனால் குழி கீழே உள்ளது. வெடிப்பு மேலே உள்ளது. இது எனக்கு விளங்கவில்லை. இரண்டு விரல்.’

ஒன்பது.

‘என் தம்பியின் பந்து பாறைக்குப் பின்னால் விழுந்தது. எடுப்பதற்குக் கையை விட்டேன். தோள் வரை போனது. அடி தட்டுப்படவில்லை. பந்து கிடைக்கவில்லை.’

பந்து விளையாடும் சின்னப் பையன் இருப்பது எட்டு. அந்த மட்டையை அவள் இரண்டு தடவை வாசித்தாள். இரண்டாம் தடவை விரல் வைக்கவில்லை.

நிரஞ்சலாவுடையது கடைசிக்கு முந்தியது.

‘பாறை அசையவில்லை. நான் அதில் கரியால் ஒரு கோடு போட்டேன். கோடு அங்கேயே உள்ளது. மழையில் ஊறிய மண்தான் கீழே போகிறது. மூன்று விரல். தான் வெட்டியதால் இப்படி ஆனது என்று அம்மா நினைக்கிறார். விறகை எடுத்துப் பார்த்துத் திரும்ப அடுக்குகிறார். நான் பார்க்காதது போல் இருப்பேன்.’

நாலு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. மட்டைகளைக் காம்பரா வரிசைப்படி வாங்கில் வைத்தாள். அஞ்சாம் காம்பராவில் இந்த வகுப்புப் பிள்ளை இல்லை, ஆனால் நாலிலும் ஆறிலும் இருந்தால் அஞ்சிலும் இருக்கத்தான் வேண்டும். ஒவ்வொருத்தியும் தான் வெட்டியதால் வந்தது என்று நினைத்து, தன் துண்டைத் தான் மூடி, பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடுவாளோ என்று வேலியை உயர்த்தியிருக்கிறாள். ஆறு வேலிக்குப் பின்னால் ஒரே வெடிப்பு. அரைவாசி லயத்தின் பின்புறத்து மேடு முழுசாகப் பாறையை விட்டுக் கழன்றுகொண்டிருக்கிறது.

மணி அடித்தது. டீச்சர் திரும்பி வந்தாள். விஜயலெட்சுமியின் கை தானாகப் போய் மட்டைகளை மூடியது.

“கிடைச்சுதாம்மா?”

விஜயலெட்சுமி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். இவள் வாசித்திருந்தால் இப்படி நிற்க முடியாது. அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“நீங்க இத யாருக்குங்க குடுப்பீங்க?”

“ஒருத்தருக்கும் இல்லை. பிள்ளையளுக்குள்ளதான்.”

கையை எடுத்தாள். “அப்ப வாசிங்க. இந்த வரிசையிலயே வாசிங்க.”

டீச்சர் குனிந்து நின்றபடி வாசித்தாள். நாலாவதாக, பந்து விழுந்த மட்டையில் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இது... இது ஒரே லயமா? எத்தினை பேர் இருக்கினம்? நான் இப்பவே கிராம சேவகருக்குப் போன் எடுக்கிறன்.”

“எடுக்காதீங்க.”

“அம்மா, உங்களுக்கு விளங்கேல்லையா? இண்டைக்கு இரவு மழை எண்டால்...”

“எனக்கு வெளங்கிருச்சுங்க. நீங்க சொன்னா, யாழ்ப்பாணத்து டீச்சரு காட்டிக் குடுத்துட்டாங்கன்னு ஆவும். ஒருத்தியும் வேலியத் தெறக்க மாட்டா. ஆளு வந்தா வெறகுக்கட்டத்தான் பாத்துட்டுப் போவாங்க. இந்த அஞ்சையும் எங்கிட்டக் குடுங்க. அந்திக்குள்ள நாங்களே வந்து சொல்லலைன்னா, நீங்க எடுங்க.”

டீச்சர் யோசித்தாள். இவள் மட்டையைக் கொண்டுபோய் அடுப்பில் போடுவாளோ என்று யோசிக்கிறாள், அது முகத்திலேயே எழுதியிருந்தது. விஜயலெட்சுமிக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் யோசிப்பாள். டீச்சர் போனை எடுத்து ஐந்து மட்டையையும் படம் பிடித்துக்கொண்டு, பிறகுதான் கையில் கொடுத்தாள்.

“அஞ்சு மணி வரைக்கும்தான் பாப்பன்” என்றாள்.

நாலரைக்குக் கொழுந்து நிறுத்து முடித்துப் பெண்கள் லயத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். வானம் நமுனுகுலவின் தலையில் கறுத்து இறங்கியிருந்தது. விஜயலெட்சுமி தன் வாசல் இஸ்தோப்பில் நின்று, கூடையை இறக்கவிடாமல் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டாள். பிறகு மட்டையைக் கையில் பிடித்து வாசிக்கத் தொடங்கினாள். திக்கித் திக்கித்தான் வந்தது. ஒருத்தி சிரித்தாள். கோழிக்கூட்டு வரி வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. பூசணிக்கொடி வரிக்கு இராக்கம்மா குதித்து வந்தாள்.

“எவடி சொன்னா ஒனக்கு? எவ எட்டிப் பாத்தா?”

“ஒங்க மகன் எழுதுனதுக்கா.”

“அவனுக்கு எழுதவே தெரியாதுடி!”

“தெரியுது.”

“அப்ப டீச்சரு சொல்லிக் குடுத்திருக்கா. நம்மள மடுவத்துக்கு அனுப்பிட்டு இங்க தோண்டப் போறாங்க. நீயும் கூட்டா?”

விஜயலெட்சுமி மட்டைகளை இடுப்பில் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். விறகை ஒவ்வொன்றாக எடுக்கவில்லை. ஒரே இழுப்பில் சரித்தாள். ஒரு வருடமாகக் குழைத்து அடைத்த களிமண் எங்கே போனது என்றே தெரியவில்லை, வெடிப்பு கறுப்பாக வாய் பிளந்து கிடந்தது. பிறகு ஏழாம் காம்பராப் பக்கத்துத் தகரத்தைக் காலால் உதைத்தாள். ஆணி பிடுங்கிக்கொண்டு தகரம் விழுந்தது. அந்தப் பக்கம் பூசணி இலைகள்.

“எம் வேலியடி!” என்று இராக்கம்மா கத்தினாள்.

“கொடியத் தூக்குங்கக்கா.”

எட்டாம் காம்பராக்காரிதான் முதலில் திரும்பி நடந்தாள். அவள் வீட்டுப் பக்கத்தில் தகரம் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்பதில். இராக்கம்மா சுற்றிப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், குனிந்து சாக்கைப் பிடித்து இழுத்தாள். வேலிகள் எல்லாம் விழுந்த பிறகு அந்தப் பின்கட்டு ஒரு நீளமான தெரு மாதிரி இருந்தது. நாலாம் காம்பராவில் தொடங்கி ஒன்பதைத் தாண்டி வெடிப்பு போனது. கோணல்கூட இல்லை, கத்தியால் கீறியது மாதிரி நேராக. அஞ்சாம் காம்பராக்காரி தன் இடத்தில் வாழைமரத்தின் அடியில் நின்று, “நான் வாழக்கண்ணு வச்சதால வந்துச்சுன்னு நெனச்சேன்” என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, மண்ணிடம் சொன்னாள்.

“எவ்வளோ நாளாடி தெரியும் ஒனக்கு?” என்று இராக்கம்மா கேட்டாள்.

“ஒங்களுக்கு எவ்வளோ நாளாத் தெரியும்?”

இராக்கம்மா இழுத்த சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்தாள்.

கிராம சேவகருக்கு விஜயலெட்சுமிதான் போன் எடுத்தாள். மழை விழத் தொடங்கியிருந்தது. அன்று இருட்டுவதற்குள் பன்னிரண்டு காம்பராவில் பத்து காலியானது. இரண்டு வீட்டுக்காரர்கள் வரமாட்டோம் என்றார்கள், மறுநாள் காலையில் ஆட்கள் போய் அவர்களை இழுத்து வந்தார்கள். மடுவத்தில் இடமில்லாததால் பள்ளிக்கூட மண்டபம். வந்தவர்கள் அளந்தார்கள், படம் எடுத்தார்கள், சிவப்புக் கோடு போட்டார்கள். எப்போது திரும்பலாம் என்று கேட்டதற்கு, அறிவிப்போம் என்றார்கள். வெள்ளிக்கிழமை மட்டை கலக்கிக் கொடுக்கிற வேலை நடக்கவில்லை. வகுப்பறையில் பாய் விரித்திருந்தது.

ஒன்பது நாள் போனது. மழை இரண்டு நாள் அடித்தது, பிறகு விட்டது. மேடு விழவில்லை. லயம் அப்படியே நின்றது. மண்டபத்துக் கிராதியிலிருந்து பார்த்தால் கூரைத்தகரம் வெயிலில் பளபளப்பது தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில் யாராவது ஒருவர் கிராதியில் போய் நின்று, பார்த்துவிட்டு, திரும்பி விஜயலெட்சுமியைப் பார்ப்பார்கள். பேச்சு அவள் கிட்டே வந்ததும் நிற்கும். டீச்சரிடம் அவள் ஏதோ வாங்கினாள் என்று நாலாம் காம்பராக்காரர்கள் சொன்னார்களாம். நிரஞ்சலா அழுதுகொண்டு வந்து அதைச் சொன்னாள்.

“அழாத. போயி ஒம் பாடத்தப் பாரு.”

“பாடம் எங்கம்மா நடக்குது?”

விஜயலெட்சுமி சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பத்தாம் நாள் குழாயடியில் வரிசையில் நிற்கும்போது இராக்கம்மா வாளியைத் தரையில் டங்கென்று வைத்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

“நிக்குதே லயம். இப்பவும் நிக்குதே! என் பூசணி ஒவ்வொண்ணும் இம்மாம் பெரிசு வந்திருக்கும். புள்ளையும் குட்டியுமா இங்க வந்து கக்கூசுக்கு வரிசையில நிக்கிறோம். சொல்லு, ஒனக்கு இப்ப நிம்மதிதான?”

சுரேஸ் கொஞ்சம் தள்ளி சுவரில் சாய்ந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“இல்லக்கா” என்றாள் விஜயலெட்சுமி. “எனக்கும் இங்க தூக்கம் வரல.”

இராக்கம்மா இதை எதிர்பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் திட்ட வைத்திருந்தாள் போல, அது வாய்க்குள்ளேயே நின்றது.

“நாளைக்கு விழலாம். விழாமலும் போவலாம்” என்றாள் விஜயலெட்சுமி. “விழலைன்னா என்னத் திட்டிக்கிட்டே இருங்க. நான் கேட்டுக்கிறேன்.”

குழாயில் தண்ணீர் வந்தது. மெல்லிசாகத்தான் வந்தது. இராக்கம்மா தன் வாளியைக் குழாய்க்குக் கீழே தள்ளிவிட்டு நிறையும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.